வாசகர் வினா – விடை: பதக்கத்தின் விளிம்பில் ஒரு பெயர்

சங்கானையிலிருந்து ஒரு வாசகி இரண்டு பழைய பதக்கங்களின் ஒளிப்படத்தைச் சென்ற மாதம் அனுப்பியிருந்தார். அதை வெளியிட்ட பின்னர் படைத்துறைப் பதக்கங்கள் பற்றியே கடிதங்கள் வந்து சேர்ந்தமையால், இம்முறை இப்பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியுள்ளோம்.

கேள்வி: அம்மம்மாவின் றங்குப் பெட்டியை ஒதுக்கியபோது அம்மப்பாவின் பதக்கங்கள் இரண்டு அகப்பட்டன. இரண்டும் வெள்ளி போலத் தெரிகின்றன. ஒன்றின் நாடா நெருப்பு நிறம், ஓரங்கள் பச்சை. மற்றையதன் நாடாவில் சிவப்பு, நீலம், வெள்ளை. ஒன்றின் பின்புறத்தில் சிங்கம் ஒன்று ஏதோவொரு பிராணியின் மேல் ஏறி நிற்கின்றது. எங்கு தேடியும் பெயர் இல்லை. சண்டையில் காட்டிய வீரத்துக்காக இராசா கொடுத்தவை என்று அம்மா சொல்கிறார். உண்மைதானா? பழப்புளி போட்டு மினுக்கலாமா?
– வாசகி, சங்கானை

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இந்த இதழ் உங்கள் கைக்கு வருமுன் யாராவது மினுக்கிவிடக் கூடும். வேண்டாம். குத்துவிளக்குக்குப் பழப்புளியும் சாம்பலும் நல்லவை; பதக்கத்துக்கு அவை கேடு. முகத்தின் மெல்லிய கோடுகளையும் எழுத்தின் கூர்மையையும் அவை தேய்த்துவிடும், அத்துடன் புளித்தண்ணீர் நாடாவில் ஊறினால் எண்பது ஆண்டுப் பழைய துணி நைந்துபோகும். உலர்ந்த மென்துணியால் துடைத்து, ஈரம் படாத இடத்தில் வைத்தால் போதும்.

இனி, அவை எவை என்பது. நெருப்பு நிற நாடாவில் தொங்குவது பிரித்தானியாவின் ‘பாதுகாப்புப் பதக்கம்’. அந்த நெருப்பு நிறம் குண்டுவீச்சினால் எழுந்த தீயையும், பச்சை தாக்கப்பட்ட மண்ணையும், பச்சையின் நடுவே ஓடும் மெல்லிய கறுப்புக் கோடு இருட்டடிப்பு இரவுகளையும் குறிக்கும். உங்கள் நாடாவைப் பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அந்தக் கறுப்புக் கோடு இன்னமும் தெரியும். சிங்கம் நிற்கும் மற்றையது ‘1939–45 போர்ப் பதக்கம்’. சிங்கத்தின் காலடியில் கிடப்பது இரட்டைத் தலை கொண்ட பறவைநாகம். இரண்டும் பிரித்தானியாவில் வெள்ளியில் அல்ல, செம்பும் நிக்கலும் கலந்த உலோகத்தில் அச்சடிக்கப்பட்டவை. முன்புறம் இருப்பவர் ஆறாம் ஜோர்ஜ் மன்னர்.

அம்மாவின் நம்பிக்கையைக் குலைப்பது எனக்கு விருப்பமான வேலையல்ல. ஆயினும் இவ்விரண்டும் வீரத்துக்காக வழங்கப்பட்டவை அல்ல. பொதுவாக எந்த நாட்டுப் படையிலும் பதக்கங்கள் மூன்று வகைப்படும். குறித்த ஒருவர் குறித்த ஒரு நாளில் செய்த செயலுக்காக வழங்கப்படுபவை வீரப் பதக்கங்கள். ஆண்டுக்கணக்கில் குற்றமின்றிக் கடமை புரிந்தமைக்காக வழங்கப்படுபவை சேவைப் பதக்கங்கள். ஒரு போர் நடந்த காலத்தில் அந்தப் பிரதேசத்தில் படையிலிருந்தமைக்காக எல்லோருக்கும் கிடைப்பவை போர்க்காலப் பதக்கங்கள். உங்கள் அம்மப்பாவுடையவை மூன்றாம் வகை. போர்ப் பதக்கத்துக்கு இருபத்தெட்டு நாள் முழுநேரப் படைச் சேவை போதுமானது. பாதுகாப்புப் பதக்கம் பிரித்தானியாவில் காவற்கடமை புரிந்தவர்களுக்கும், வான் தாக்குதலுக்கு உள்ளான அல்லது அந்த ஆபத்தில் இருந்த கடல்கடந்த பிரதேசங்களில் குறித்த காலம் பணியாற்றியவர்களுக்கும் கிடைத்தது.

இலங்கை அந்த ஆபத்தில் இருந்தது மட்டுமன்றி அடியும் வாங்கியது. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பையும் 9ஆம் திகதி திருகோணமலையையும் யப்பானிய விமானங்கள் தாக்கின. விமானந்தாங்கிக் கப்பலான ‘ஹேர்மீஸ்’ மட்டக்களப்புக் கரைக்கு அப்பால் மூழ்கியது. நம் பலாலி விமானத்தளமும் அந்தப் போர்க்காலத்தில் பிரித்தானிய விமானப்படையினரால் அமைக்கப்பட்டதே. முதல் தாக்குதலுக்கு முந்திய நாள், கொக்கலையிலிருந்து பறந்து சென்ற லெனாட் பேர்ச்சோல் என்னும் கனடிய விமானி யப்பானியக் கப்பற்படையைத் தென்கடலில் கண்டு, தம் விமானம் சுட்டு வீழ்த்தப்படுவதற்கு முன் கம்பியில்லாத் தந்தியில் செய்தி அனுப்பிச் சிறைப்பட்டார். அவருக்குக் கிடைத்தது டி.எப்.சி. எனப்படும் பறத்தற்படை வீரச் சிலுவை. அந்தச் செய்தியின்பின் கரையில் விழித்திருந்த ஆயிரக்கணக்கானோருக்குக் கிடைத்தது நீங்கள் கையில் வைத்திருப்பது. உங்கள் அம்மப்பா பயந்தாரா, பயப்படவில்லையா என்பதை அந்த உலோகம் சொல்லாது. அவர் அங்கே இருந்தார் என்பதைச் சொல்லும்.

பெயர் இல்லாமையையிட்டு ஐயுற வேண்டாம். முதலாம் உலகப் போரின் பிரித்தானியப் பதக்கங்களில் விளிம்பைச் சுற்றி இலக்கம், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டன. இரண்டாம் போரின்போது அந்தச் செலவை அரசு ஏற்கவில்லை. பெரும்பாலானவை பெயரின்றியே வெளிவந்தன. பலருக்கு அவை சிறிய அட்டைப் பெட்டியில் தபாலில்தான் வந்து சேர்ந்தன. ஆகவே உங்கள் வீட்டில் சான்று என்பது பதக்கத்தில் அல்ல, கடதாசியில் இருக்கிறது: படையிலிருந்து விலகியபோது கொடுத்த பத்திரம், சம்பளப் புத்தகம், அந்த அட்டைப் பெட்டியின் மேலுள்ள முகவரி. றங்குப் பெட்டியின் அடியில் விரித்திருக்கும் பழைய பேப்பரையும் எடுத்துப் பாருங்கள்.

இதை எழுதும்போது ஒருவர் நினைவுக்கு வருகிறார். எங்கள் ஒழுங்கையில் மலாயன் பென்சன்காரர் ஒருவர் இருந்தார். பாடசாலைப் பரிசளிப்பு விழாவுக்கு ஆறுமுனை நட்சத்திரம் ஒன்றைக் கோட்டில் குத்திக்கொண்டு வருவார். சிறுவர்களாகிய நாங்கள் அது என்ன என்று கேட்டால், “சிங்கப்பூர் விழும்வரை சோத்துக்கணக்கு எழுதினதுக்குத் தந்தது” என்பார். அது பசுபிக் நட்சத்திரம் என்றும், மலாயாவில் 1942 பெப்ரவரி 15ஆம் திகதிவரை போர்க்களத்தில் இருந்தவர்களுக்கு உரியது என்றும் வெகுகாலம் கழித்துத்தான் அறிந்தேன். தம் பதக்கத்தை அத்தனை சரியாக வாசித்த இன்னொருவரை நான் கண்டதில்லை.

கேள்வி: விக்ரோரியா சிலுவை ரஷ்யப் பீரங்கியை உருக்கிச் செய்யப்படுவதாக வாசித்திருக்கிறேன். உண்மையா? அதியுயர் விருதைத் தங்கத்தில் செய்யாமல் வெண்கலத்தில் செய்தது ஏன்?
– வாசகர், கரவெட்டி

பதில்: பழைய கோயில் மணிகளில் பாதி கரையொதுங்கிய கப்பலிலிருந்து வந்தவை என்று நம் ஊரில் சொல்வதுபோன்ற கதைதான் இதுவும்; முழுப் பொய்யுமல்ல, முழு உண்மையுமல்ல. கிரிமியப் போரில் செவஸ்தபோலில் கைப்பற்றிய ரஷ்யப் பீரங்கிகளின் உலோகம் என்பது மரபாகச் சொல்லப்படுவது. ஆனால் உலோகம் வெட்டியெடுக்கப்பட்ட பீரங்கிகளாக இலண்டனின் வூலிச்சில் காட்டப்பட்டு வந்தவை சீனத்தில் வார்க்கப்பட்டவை என்பதை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். வெவ்வேறு காலச் சிலுவைகளின் உலோகமும் ஒரே தன்மையுடையதாக இல்லை. மாறாதிருப்பது, அன்று தொட்டு அவற்றைச் செய்துவரும் இலண்டன் நகைக்கடையான ஹான்கொக்ஸ் மட்டுமே.

வெண்கலம் ஏன் என்பது பீரங்கிக் கதையைவிடப் பெறுமதியான கேள்வி. கிரிமியப் போர் வரையில் பிரித்தானியாவில் பாத் விருதுபோன்ற உயர் கௌரவங்கள் அதிகாரிகளுக்கே உரியவையாக இருந்தன. சிப்பாய் ஒருவன் எத்துணை பெரிய செயலைச் செய்தாலும் அவன் மார்புக்கு அவை வாரா. பத்திரிகைச் செய்தியாளர்கள் போர்க்களத்திலிருந்தே எழுதத் தொடங்கியபோது சாதாரணச் சிப்பாய்களின் செயல்கள் ஊருக்குத் தெரியவந்தன. 1856 ஜனவரி 29ஆம் திகதி விக்ரோரியா மகாராணியார் கையொப்பமிட்ட ஆணை, பதவியையோ பிறப்பையோ கருதாத விருது ஒன்றை உண்டாக்கியது. விலையுயர்ந்த உலோகமும் மணிகளும் குலப்பெருமைக்கு உரியவை என்ற அந்தக் காலத்து எண்ணத்துக்கு எதிராக வைத்துப் பார்த்தால், மங்கிய வெண்கலம் ஓர் அறிவிப்பே ஆகும். அடுத்த ஆண்டு ஜூன் 26ஆம் திகதி ஹைட் பூங்காவில் மகாராணியார் குதிரையில் அமர்ந்தபடியே அறுபத்திரண்டு பேருக்கு அதை அணிவித்தார்.

சிலுவையில் பொறிக்கும் வாசகத்தைத் திருத்தியவரும் அவரே. துணிவுள்ளவர்களுக்கு என்ற பொருளில் முதலில் எழுதப்பட்டிருந்ததைப் பார்த்து, அப்படியானால் இதைப் பெறாத படைவீரர் துணிவற்றவர் என்றாகிவிடுமே என்று கருதி, வீரத்துக்காக என்று மாற்றச் செய்தார். பதக்கம் பற்றி ஆட்சியாளர் ஒருவர் சொன்னவற்றுள் இதையே மிகுந்த அறிவுடையதாக நான் மதிக்கிறேன்.

ஏனென்றால் அந்த விருது துணிவை நிறுத்துப் பார்ப்பதில்லை. நேரில் கண்ட சாட்சியைத்தான் நிறுத்துப் பார்க்கிறது. விக்ரோரியா சிலுவைக்கான பரிந்துரைக்கு வழக்கமாக மூன்று நேரடிச் சாட்சிகள் வேண்டும். பின்னர் அது மேலதிகாரிகளின் மேசைகள் பலவற்றைக் கடந்து, முடிவில் இலண்டன் வர்த்தமானியில் வெளியாகும். கண்டவர் அனைவரும் இறந்துவிட்டாலோ, கண்டவருக்கு எழுத மனமில்லாவிட்டாலோ செயல் நடந்ததாகவே ஆகாது. யாரைக் காண்பது என்பதிலும் வரம்பு இருந்தது. இந்தியச் சிப்பாய்களுக்கெனக் கிழக்கிந்தியக் கம்பனி 1837இலேயே, அதாவது விக்ரோரியா சிலுவைக்கு முன்னரேயே, தனி விருது ஏற்படுத்தியிருந்தது. ஆனால் சிலுவைக்கு அவர்கள் தகுதி பெற்றது 1911இல்தான். மூன்று ஆண்டுகளின் பின் பெல்ஜியத்து ஹொல்லெபெக்கில், தம் குழுவினர் அனைவரும் மடிந்த பின்னரும் காயத்துடன் இயந்திரத் துப்பாக்கியை இயக்கிய குதாதாத் கான் அதைப் பெற்ற முதல் இந்தியரானார்.

கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். அச்சிலுவையை இருமுறை பெற்றவர்கள் வரலாற்றில் மூவர் மட்டுமே. அவர்களுள் மார்ட்டின்-லீக், சவாஸ் ஆகிய இருவர் காயமடைந்தவர்களைத் தூக்கி வந்த மருத்துவர்கள். ஆரம்ப காலத்தில் திருட்டு முதலிய குற்றங்களுக்காக எட்டுப் பேரிடமிருந்து சிலுவை மீளப் பெறப்பட்டது. ஆனால் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் இதை விரும்பவில்லை. கொலைக்குற்றத்துக்காகத் தூக்குமேடை ஏறுபவனானாலும் சிலுவையை அணிந்தே ஏறட்டும் என்பது 1920இல் அவர் தெரிவித்த கருத்து.

கேள்வி: இந்தியாவின் அதியுயர் வீர விருது எங்கள் ஊரில் நடந்த சண்டைக்காக ஒருவருக்கு வழங்கப்பட்டதாக நண்பன் சொன்னான். நம்ப முடியவில்லை.
– மாணவன், கந்தரோடை

பதில்: நண்பர் சொன்னது சரி. 1987 நவம்பர் 25ஆம் திகதி இந்திய அமைதிப் படையின் மஹார் படைப்பிரிவைச் சேர்ந்த மேஜர் இராமசாமி பரமேஸ்வரன் கந்தரோடையில் இரவு நடந்த மோதலில் உயிரிழந்தார். பம்பாயில் பிறந்த தமிழர் அவர். பதுங்கித் தாக்கப்பட்டபோது தம்மைச் சுற்றியவர்களையே மறுபுறம் சுற்றி வளைத்ததும், மார்பில் சூடு பட்ட பின்னரும் எதிராளியின் துப்பாக்கியைப் பறித்துச் சுட்டதும் அவருக்கான விருதுரையில் சொல்லப்பட்டுள்ளன. அமைதிப் படையின் இலங்கை நடவடிக்கைகளுக்காக வழங்கப்பட்ட ஒரேயொரு பரம் வீர் சக்ரா அதுவே. இதுவரை அவ்விருதைப் பெற்ற இருபத்தொருவருள் பதினால்வருக்கு அது இறப்பின் பின் வழங்கப்பட்டது.

1950 ஜனவரி 26ஆம் திகதி, இந்தியா குடியரசான நாளிலேயே, இவ்விருது நிறுவப்பட்டது. அதன் வடிவத்தை வரைந்தவர் சாவித்திரி கானோல்கர். சுவிற்சர்லாந்தில் பிறந்து, இந்தியப் படை அதிகாரி ஒருவரை மணந்து, வடமொழி நூல்களில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டிருந்த பெண்மணி. வெண்கல வட்டத்தில் இந்திரனின் வச்சிராயுதத்தை நான்கு முறை பொறித்தார். அசுரனை வெல்ல ஆயுதம் வேண்டியபோது ததீசி முனிவர் தம் எலும்பையே கொடுத்தார் என்னும் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். உயிரைக் கொடுத்தவனின் பதக்கத்துக்கு அதைவிடப் பொருத்தமான சின்னம் அமைவது அரிது.

அந்த நாட்களை அனுபவித்த மூத்தவர்கள் இந்தப் பதிலை வேறொரு மனத்துடன் வாசிப்பர் என்பதும் எனக்குத் தெரியும். அதற்கு ஒரு மாதம் முன்னர், ஒக்ரோபர் 21ஆம் திகதி, தீபாவளி நாளில் யாழ்ப்பாணம் வைத்தியசாலைக்குள் அதே படையினர் புகுந்தபோது நோயாளரும் தாதியரும் மருத்துவர்களும் கொல்லப்பட்டனர். மறுநாள் காலை, கைகளை உயர்த்திக்கொண்டு, தாங்கள் வைத்தியர்களும் தாதியருமே என்று உரக்கச் சொன்னபடி தாதியருடன் வெளியே வந்த ஒரு வைத்தியரும் சுடப்பட்டார். சிலுவையை இருமுறை பெற்ற மூவரில் இருவர் மருத்துவர்கள் என்று மேலே எழுதினேன். அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது அவர்களுடைய படை. நம் வைத்தியரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கட்டிலுக்கடியில் கிடந்தவர்கள். அவர்களின் சாட்சியத்தைப் பரிந்துரையாக ஏற்கும் மேசை எங்கும் இருக்கவில்லை. மேஜரின் செயலை இது சிறுமைப்படுத்தாது. உங்கள் ஊரின் பெயர் டில்லியில் எந்த ஏட்டில் எழுதப்பட்டிருக்கிறது, எந்த ஏட்டில் எழுதப்படவில்லை என்பதை இரண்டையும் சேர்த்தே நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

கேள்வி: ஆனையிறவில் ஏ-9 வீதியோரம் நிறுத்தி வைத்திருக்கும் கவச புல்டோசருக்கும் பதக்கத்துக்கும் தொடர்புண்டா? இலங்கைப் பதக்கங்களின் சிங்களப் பெயர்களுக்குப் பொருள் என்ன?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: உண்டு. 1991 ஜூலை 14ஆம் திகதி ஆனையிறவு இராணுவ முகாமை நோக்கி விடுதலைப் புலிகள் ஓட்டி வந்த அந்த வாகனத்தின் மேல் ஏறிக் கைக்குண்டுகளால் அதைத் தடுத்து உயிரிழந்த சிங்கப் படைப்பிரிவின் காமினி குலரத்ன, இலங்கையின் அதியுயர் விருதான ‘பரம வீர விபூஷணய’வைப் பெற்ற முதலாமவர். அவ்விருது இதுவரை இறந்தவர்களுக்கே வழங்கப்பட்டுள்ளது. அதே வாகனத்தை ஓட்டி வந்தவர்களும் திரும்ப மாட்டோம் என்று அறிந்தே வந்தவர்கள் என்பதை அவ்வழியே பேருந்தில் செல்லும் நம்மவர்கள் சொல்லிக்கொள்ளாமலே நினைத்துக்கொள்வர்.

பெயர்களைப் பொறுத்தவரை நமக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை. எல்லாம் வடசொல்; விபூஷணம் என்றால் அணிகலன், ரணம் என்றால் போர். ‘வீரோதார விபூஷணய’ போர்க்களத்துக்கு வெளியே உயிர்காக்கக் காட்டும் துணிவுக்குரியது; ‘வீர விக்ரம விபூஷணய’, ‘ரண விக்ரம பதக்கம’, ‘ரண சூர பதக்கம’ ஆகியவை எதிரிமுன் காட்டும் வீரத்துக்குரியவை, இறங்குவரிசையில். ‘தேச புத்ர சம்மானய’ போரில் காயமுற்றவர்களுக்கானது. அமெரிக்காவின் ‘ஊதா இதயம்’ இதற்கு நிகரானது. யப்பான்மீது தரையிறங்கினால் எத்தனை பேர் காயமடைவர் என்று எதிர்பார்த்து 1945இல் ஏறக்குறைய ஐந்து இலட்சம் ஊதா இதயங்களைச் செய்து வைத்தார்கள், படையெடுப்பு நடக்கவில்லை, அந்தக் கையிருப்பே பின்வந்த போர்கள் பலவற்றுக்குப் பல பத்தாண்டுகள் போதுமாக இருந்தது. ஒரு போர்த் திட்டத்தின் மதிப்பீட்டை இதைவிட வெளிப்படையாகச் சொல்லும் கணக்கேட்டை நான் பார்த்ததில்லை.

கேள்வி: பழந்தமிழரிடம் பதக்கம் வழங்கும் வழக்கம் இருந்ததா?
– ஆசிரியை, பருத்தித்துறை

பதில்: மார்பில் குத்தும் பதக்கமாக இல்லை, காலிலும் விரலிலும் மண்ணிலுமாக இருந்தது. வீரன் காலில் கட்டுவது கழல். படைத்தலைவனுக்கு அரசன் ‘ஏனாதி’ என்னும் பட்டமும் அதற்கான மோதிரமும் அளித்தான். போரில் இறந்தவனின் குடும்பத்துக்கு விடப்பட்ட நிலம் கல்வெட்டுகளில் ‘உதிரப்பட்டி’ எனப்படுகிறது. குருதிக்கு ஈடான நிலம் என்ற அந்தப் பெயரில் இருக்கும் கூச்சமின்மையை நான் வியப்பதுண்டு. இறந்தவனுக்குக் கல். கல்லைத் தேர்வது முதல் வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துள்ளது.

தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுக்கப்பட்ட தமிழ் பிராமி நடுகற்களுள் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோளில், அதாவது ஆநிரை கவர்ந்த பூசலில், இறந்த ‘தீயன் அந்தவன்’ என்பவனின் கல் தானென்று கூறுகிறது. ஊர், நிகழ்ச்சி, பெயர். சங்கானை வாசகியின் பதக்க விளிம்பில் இல்லாத மூன்றும் இரண்டாயிரம் ஆண்டுப் பழைய பாறைத் துண்டில் இருக்கின்றன. செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று வீரனோடு அவனது நாயையும் காட்டி, கோவிவன் என்னும் அந்த நாய் கள்ளர் இருவரைக் கடித்து நின்றதையும் பதிவு செய்கிறது. பிரித்தானியாவில் விலங்குகளுக்கான டிக்கின் பதக்கம் வந்தது 1943இல். ஆரம்ப காலத்தில் அதைக் கூடுதலாகப் பெற்றவை செய்தி காவிய புறாக்கள்.

கேள்வி: அப்பப்பாவின் பதக்கத்தை நான் அணியலாமா? விற்றால் என்ன கிடைக்கும்?
– வாசகர், வேலணை

பதில்: பெற்றவர் இடப்பக்க மார்பில் அணிவார், அவர் இறந்த பின் நினைவு நாட்களில் வழித்தோன்றல்கள் வலப்பக்கத்தில் அணிவது பொதுநலவாய நாடுகளின் வழக்கம். விற்பதற்கு உங்களுக்கு உரிமையுண்டு. ஆனால் நீங்கள் அனுப்பிய படத்திலிருப்பதும் அதே சிங்கம் நிற்கும் போர்ப் பதக்கமே. மில்லியன் கணக்கில் அச்சடிக்கப்பட்டமையால் தனியாக அதற்குக் கிடைக்கும் விலை உங்கள் பயணச் செலவுக்கே காணாது. அட்டைப் பெட்டி, உறை, சம்பளப் புத்தகம் ஆகியவற்றுடன் சேர்ந்திருந்தால் மட்டுமே அது இன்னாருடையது என்றாகும். ஆகவே அவற்றைப் பிரிக்காமல் ஒரே உறையில் இட்டு, அப்பப்பாவின் முழுப்பெயரையும் ஊரையும் ஒரு துண்டுக் கடதாசியில் பென்சிலால் எழுதி உள்ளே வையுங்கள். பேனை மை ஊறிப் பரவும்.